84 கட்டுரைகளைப் போனில் திருத்தப் போய் நான் பட்ட பாடு

நோட்டுக் கட்டைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை விட்டுப்போனதுதான் இதற்கெல்லாம் ஆரம்பம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். வீடு கிருஷ்ணகிரியில். பதினோராம் வகுப்பில் இரண்டு பிரிவு, பிரிவுக்கு 42 பேர், ஆக 84 கட்டுரை நோட்டு. மாதம் இரண்டு கட்டுரை எழுத வைப்பேன். நோட்டுகளை இரண்டு கட்டைப்பையில் அடைத்துக்கொண்டு சாயந்திர பஸ்ஸில் நின்றபடியே வருவேன், ராத்திரி திருத்துவேன், மறுபடி தூக்கிக்கொண்டு போவேன். 2023 ஜூனில் வெயில் குறையவில்லை என்று பள்ளிக்கூடத்தை 12ஆம் தேதிதான் திறந்தார்கள். திறந்த முதல் வாரத்திலேயே டாக்டர் இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். சரி, எல்லார் வீட்டிலும் ஒரு போன் இருக்கிறதே, எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பட்டும், அதிலேயே திருத்தி அனுப்பிவிடலாம் என்று முடிவெடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றாலும் எங்கள் பள்ளியில் அப்போது அப்படிச் செய்தவர்கள் யாரும் இல்லை. அடுத்த ஐந்து மாதத்தில் கைக்காசு 26,000 ரூபாய் போனது, தூக்கம் போனது, ஒரு பையனுடைய படிப்பே நின்றுபோகப் பார்த்தது. இதே வேலையில் இறங்கப் போகிற இன்னொரு டீச்சர் நான் விழுந்த பள்ளத்திலேயே விழ வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் நான் முதலில் செலவழித்தேன், அதுதான் கடைசியில் தேவையே இல்லாமல் போனது. போன் திரை சின்னதாக இருக்கிறது, பேனா பிடித்து எழுதுகிற மாதிரி இருந்தால் சுலபம் என்று ஒரு டேப்லெட்டும் அதோடு எழுதுகிற பேனாவும் வாங்கினேன். 19,800 ரூபாய், மாதம் 3,300 வீதம் ஆறு தவணை. அப்புறம் படத்தின் மேல் எழுதித் திருத்துவதற்கென்று ஒரு செயலிக்கு ஒரு வருஷச் சந்தா 2,400 ரூபாய் கட்டினேன், அதை மூன்று மாதம்கூட உருப்படியாகப் பயன்படுத்தவில்லை. கூடுதல் டேட்டாவுக்கு 600. ராத்திரி ராத்திரியாகத் திரையைப் பார்த்துக் கண் எரிந்து, தலைவலி வந்து, கண்ணாடி மாற்றியதற்கு 3,200. இப்போது நான் திருத்துவது என் பழைய போனிலும், பிள்ளைகளின் நோட்டு ஓரத்தில் நான் வைக்கும் பென்சில் புள்ளியிலும்தான். அதனால் ஆரம்பிக்கிற யாராக இருந்தாலும் முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு பொருளும் வாங்காதீர்கள். உங்கள் வேலை முறை எது என்று தெரிந்த பிறகு வாங்குவதுதான் வாங்கல். ஆண்டுச் சந்தா கட்டவே கட்டாதீர்கள், மாதச் சந்தா இருந்தால் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள்.

முதல் கட்டுரைக்கு 'எங்கள் ஊர்ச் சந்தை' என்று தலைப்புக் கொடுத்தேன். போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற சந்தை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது, ஆடு மாடு, புளி, தக்காளி என்று எல்லோருக்கும் எழுத ஏதாவது இருக்கும். இரண்டே நாளில் என் போனுக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்து விழுந்தன. பாதிப் படங்களில் பெயர் இல்லை. சில பக்கம் தலைகீழ், சில பக்கத்தில் எடுத்தவரின் நிழலே பாதியை மூடியிருந்தது, சிலது குண்டு பல்பு வெளிச்சத்தில் மஞ்சளாக, எது ர எது ற என்றே தெரியவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருத்தியின் திருத்தத்தை இன்னொருத்திக்கு அனுப்பிவிட்டேன். அவள் மறுநாள் வந்து, "மிஸ், நான் இத எழுதவே இல்லையே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு ஜூலை ராத்திரி போனில் இடம் நிறைந்துவிட்டது என்று காட்டியதும் பழைய படங்கள்தானே என்று மொத்தமாக அழித்தேன், அதில் இன்னும் திருத்தாத 11 பேருடைய கட்டுரையும் போய்விட்டது. அவர்களிடம் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது, உங்களுக்கு ஒரு வகுப்பு நேரம் போதும். எழுத ஆரம்பிக்கும் முன்பே ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல்மூலையிலும் வரிசை எண்ணும் பக்க எண்ணும் போடச் சொல்லுங்கள், பெயர்கூட வேண்டாம். காலை வெளிச்சத்தில் வாசல் படியில் நோட்டைத் தட்டையாக வைத்து, நேர் மேலே நின்று எடுக்க வேண்டும், பிளாஷ் போடக் கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி எழுத்து மங்கும், அதையே டாக்குமென்டாக இணைத்து அனுப்பினால் அப்படியே வரும். கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் வசதி இருக்கிறது, அதில் எடுத்தால் மூன்று பக்கமும் ஒரே பிடிஎஃப் கோப்பாகிவிடும். அதை ஒரு தடவை வகுப்பிலேயே என் போனை வைத்துச் செய்து காட்டினேன், அதன் பிறகு வந்த படங்களே வேறு மாதிரி இருந்தன. வந்ததை உடனே பிரிவு வாரியாக டிரைவில் போட்டுவிடுங்கள், ஒரு கணக்குக்கு 15 ஜிபி வரை காசில்லாமல் கிடைக்கிறது. இன்னொன்று, பிள்ளைகள் அனுப்பிய மூலப்படத்தின் மேல் எழுதிச் சேமிக்காதீர்கள், ஒரு நகல் எடுத்து அதன் மேல் எழுதுங்கள். இதைச் செய்யாததால் நான் இழந்தது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த முதல் கட்டுரையை நான் திருத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். பேனா கையில் இருக்கிறது, திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், இடம் பற்றவில்லை என்றால் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதனால் கண்ணில் பட்ட பிழை எல்லாவற்றையும் சுழித்தேன். ஒற்றுப்பிழை, லகர ளகர ழகர மயக்கம், ஒருமை பன்மை, வாக்கியம் முடியாமல் நிற்பது, ஒன்றையும் விடவில்லை. எல்லாம் சிவப்பில். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டேன். ஒரு கட்டுரைக்குச் சராசரி எட்டு நிமிஷம் ஆனது. 84 கட்டுரைக்கு 672 நிமிஷம், பதினொரு மணி நேரத்துக்கு மேல். வீட்டு வேலை முடிந்து பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரைக்கும் போகும், முடித்தவுடனே அனுப்பிவிடுவேன், அனுப்பினால்தான் அடுத்ததை எடுக்க மனசு வரும். எனக்கு உள்ளூர ஒரு திருப்தியும் இருந்தது, பிள்ளைகளுக்காக இவ்வளவு பாடுபடுகிறோம் என்று. அடுத்த கட்டுரை வந்தபோது பார்த்தால் அதே பிழைகள், அதே இடங்களில். 'பள்ளிக்கு போனேன்' என்று எழுதியவன் மறுபடியும் 'ஊருக்கு போனேன்' என்றுதான் எழுதியிருந்தான். கோபம் வந்தது. பிள்ளைகள்மேல்தான் கோபப்பட்டேன், என் முறையின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்படி ஒரு ராத்திரி, பன்னிரண்டு மணி இருக்கும், கடைசி பெஞ்சில் உட்காருகிற ஒரு பையனுடைய கட்டுரையைத் திருத்தி அனுப்பினேன். பத்துக்கு நான்கு. அந்தப் போன் அவனுடையது இல்லை, அவன் அப்பாவுடையது. எங்கள் மாவட்டத்தில் மாங்காய்க் காலம் வந்துவிட்டால் மாங்கூழ் ஆலைகள் ராத்திரி பகலாக ஓடும். அவர் அங்கே ராத்திரி ஷிப்ட்டில் இருந்திருக்கிறார், மற்ற மாதங்களில் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. டீ குடிக்க வெளியே வந்தவர் போன் சத்தம் கேட்டு எடுத்துப் பார்த்திருக்கிறார், பக்கத்தில் நின்ற ஆட்களும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார், தூங்கவே இல்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "நான் படிக்காதவன் டீச்சர், எழுத்து தெரியாது. ஆனா செவப்பு தெரியும். பக்கம் பூரா செவப்பா இருக்குது. அவனுக்குப் படிப்பு ஏறல போல, ஏன் உங்களுக்குச் செரமம், என்கூடவே பெங்களூர் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என்னை ரொம்பச் சிரமப்படுத்திவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பையன் அவர் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராத்திரியே அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு அவனை எழுப்பித் திட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவரை உட்காரவைத்து, அது பிழை காட்டுவதற்குப் போட்ட குறிதான், பையன் தேறமாட்டான் என்பதற்கான குறி இல்லை என்று அரைமணி நேரம் பேசினேன். தலைமையாசிரியரும் பேசினார். பையன் படிப்பைத் தொடர்ந்தான். ஆனால் அன்றைக்கு எனக்குப் புரிந்தது, நோட்டில் போட்ட சிவப்பு அந்தப் பிள்ளையின் பைக்குள் இருக்கும், அவன் எப்போது வேண்டுமோ அப்போது திறப்பான், வேண்டாம் என்றால் மூடிக்கொள்வான். போனில் போன சிவப்பு அவனைத் தவிர எல்லோருக்கும் முதலில் போய்ச் சேர்கிறது. அடுத்த நாளே வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து, போன் யாருடையது, எத்தனை மணிக்கு உங்கள் கைக்கு வரும், வேறு யார் யார் பார்ப்பார்கள், என்று மூன்றே கேள்வி எழுதச் சொன்னேன். 84 பேரில் சொந்தமாகப் போன் வைத்திருந்தவர்கள் 19 பேர். அப்பா போன், அண்ணன் போன், பக்கத்து வீட்டு அக்கா போன் என்றுதான் மற்றவர்கள் எழுதியிருந்தார்கள், 7 பேருக்கு எந்தப் போனும் இல்லை, அவர்கள் யாரோ ஒரு தோழியின் போனில் அனுப்பியிருக்கிறார்கள். இந்தத் தாளை நான் ஜூன் மாதமே வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் எந்த முறையில் திருத்தினாலும் இதை முதல் நாளே செய்யுங்கள். அனுப்பும் நேரத்தை வாட்ஸ்அப்பில் தள்ளிவைக்க முடியாவிட்டால் திருத்தியதைச் சேர்த்துவைத்து, பிள்ளை போனோடு இருக்கும் நேரத்தில் அனுப்புங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் நான் இப்போது எதுவும் அனுப்புவதில்லை. போன் இல்லாத ஏழு பேருக்கு நோட்டிலேயே திருத்துகிறேன், ஏழு நோட்டைத் தூக்கத் தோள் தாங்குகிறது.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு தவறு செய்தேன். எல்லோரும் செய்கிற பிழைகளைப் பொதுவில் காட்டலாமே என்று ஒரு பக்கத்தைப் பெயரை வெட்டிவிட்டுக் குழுவில் போட்டு, கீழே பிழைகளை வரிசையாக எழுதினேன். பெயரை வெட்டினால் என்ன, கையெழுத்தை வெட்ட முடியுமா? ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிக்கிற பிள்ளைகள், ஒருத்தி கையெழுத்து இன்னொருத்திக்குத் தெரியும். ஐந்து நிமிஷத்தில் யாரோ சிரிக்கிற பொம்மை போட்டார்கள், தொடர்ந்து ஏழெட்டுப் பேர் போட்டார்கள். அந்தப் பெண் அதற்கப்புறம் இரண்டு மாதம் கட்டுரையே அனுப்பவில்லை. கேட்டால் போன் ரிப்பேர் என்றாள். நான் நம்பினேன். நவம்பரில்தான் அவளே அழுதுகொண்டு உண்மையைச் சொன்னாள். பொதுப் பிழையைக் காட்ட வேண்டும் என்றால் நாமே நம் கையால் ஒரு பத்தி எழுதி, அதில் அந்தப் பிழைகளை வைத்துப் போடலாம், எந்தப் பிள்ளையின் பக்கமும் தேவையில்லை. நல்ல கட்டுரையைப் போடுவதாக இருந்தாலும் எழுதியவரைத் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

காலாண்டு விடுமுறையில் என் தங்கை மகள் வந்திருந்தாள், பி.எட் படிக்கிறாள். நான் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, மார்க்கும் போட்டு இத்தன குறிப்பும் எழுதறீங்களே, அவங்க மார்க்க மட்டும் பாத்துட்டு மூடிடுவாங்க" என்றாள். அவள் பாடத்தில் வந்த ஒரு ஆய்வைச் சொன்னாள். 1988இல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மதிப்பெண் மட்டும், ஒன்றுக்குக் குறிப்பு மட்டும், ஒன்றுக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். குறிப்பு மட்டும் கிடைத்த பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், இரண்டும் கிடைத்தவர்கள் மதிப்பெண் மட்டும் கிடைத்தவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் மேலே போகவில்லை. மதிப்பெண் பக்கத்தில் உட்கார்ந்ததும் குறிப்பு செத்துவிடுகிறது. நான் மூன்று மாதமாக ராத்திரி ஒரு மணி வரை எழுதிய குறிப்புகள் எல்லாம் அந்தப் பத்துக்கு நான்கு, பத்துக்கு ஆறுக்குப் பக்கத்தில் செத்துக்கிடந்தவைதான். இன்னொன்றும் சொன்னாள், நியூசிலாந்தில் ஜான் ஹாட்டி, ஹெலன் டிம்பர்லி இருவரும் 2007இல் எழுதிய கட்டுரையில் வருவது. நாம் கொடுக்கும் குறிப்பு மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்: எங்கே போக வேண்டும், இப்போது எப்படிப் போய்க்கொண்டிருக்கிறேன், அடுத்து என்ன செய்ய வேண்டும். என் சிவப்பு இரண்டாவது கேள்விக்கு மட்டும், அதுவும் பாதிப் பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் ஒரு பிள்ளைக்கும் எழுதவில்லை.

அவளேதான் அந்தக் கடைசி பெஞ்சுப் பையனுடைய இரண்டு கட்டுரைகளை அடுத்தடுத்துத் திறந்து பார்த்தாள். இரண்டாவது கட்டுரை மழைநீர் சேமிப்பு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் சரியாக இருந்தது, பிழையே இல்லை, நான் பத்துக்கு எட்டுப் போட்டு 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருந்தேன். "இது கைடுல இருந்து எழுதினது பெரியம்மா" என்றாள். எடுத்துப் பார்த்தால் வரிக்கு வரி அதேதான். அப்புறம் முதல் கட்டுரையைப் படித்தாள், சத்தம் போட்டு. சந்தையில் புளி விற்கிற பாட்டியைப் பற்றி அவன் இப்படி எழுதியிருந்தான்: 'எங்க பாட்டி கையில எப்பவும் புலி வாசம் அடிக்கும். அந்தக் கையால வெறும் களி உருட்டிக் குடுத்தாக்கூட கொழம்பு வேணாம்.' கட்டுரையில் மூன்று இடத்தில் புளியைப் புலி என்று எழுதியிருந்தான், மூன்றையும் சுழித்திருந்தேன். கையில என்பதைக் கையில் ஆக்கி, கொழம்பைக் குழம்பாக்கி, வேணாம் என்பதை வேண்டாம் ஆக்கி, ஓரத்தில் 'பேச்சு வழக்கைத் தவிர்க்க' என்று எழுதியிருந்தேன். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து புளி தட்டி, கொட்டை எடுத்து, நார் உரிப்பதை நானும் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்கு அப்படி ஒரு வரி தோன்றியதில்லை. அந்த வரியை எழுதியவனுக்கு நான்கு, கைடைப் பார்த்து எழுதியவனுக்கு எட்டு. அவன் என்னிடமிருந்து கற்றுக்கொண்டது இதுதான். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

நவம்பரிலிருந்து முறையை மாற்றினேன். மாற்றியது ஒரே நாளில் நடக்கவில்லை, தட்டுத் தடுமாறித்தான் வந்தது. முதலில் மதிப்பெண்ணை நிறுத்தினேன். தேர்வுக்கு மதிப்பெண் உண்டு, கட்டுரைப் பயிற்சிக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பெற்றோர் சிலர் கேட்டார்கள், விளக்கிச் சொன்னதும் விட்டுவிட்டார்கள். அப்புறம், ஒரு கட்டுரைக்கு ஒரே ஒரு இலக்கணம். இந்த இரண்டு வாரம் ஐ, கு என்ற உருபுகளுக்குப் பின்னால் வல்லினம் மிகுவது மட்டும்தான் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: சந்தையைப் பார்த்தேன், பள்ளிக்குப் போனேன். அதைத் திருத்தியும் கொடுக்க மாட்டேன், பிழை இருக்கிற வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்பேன், எந்தச் சொல் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். மற்ற பிழைகள் அங்கேயே இருக்கும், பார்த்தும் பார்க்காமல் விட வேண்டும். அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இருபது வருஷமாகச் சுழித்த கை. ஆனால் நம் கை சும்மா இருந்தால்தான் பிள்ளையின் கை வேலை செய்கிறது, இதை நான் கண்ணால் பார்த்தேன். புள்ளி வைத்த நோட்டைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டு 'இதுல என்னடா தப்பு' என்று கேட்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சிவப்பு வட்டத்தைப் பார்த்து யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

குறிப்பை எழுதுவதற்குப் பதிலாகக் குரலில் பேசி அனுப்ப ஆரம்பித்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை. முதலில் அவர்கள் எழுதியதில் எனக்குப் பிடித்த ஒரு வரியை அப்படியே படிப்பேன். நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் சேராது, அவர்கள் வரியை நம் வாயால் கேட்கும்போது சேர்கிறது. அப்புறம் ஒரு சந்தேகம் கேட்பேன், 'பாட்டி எத்தனை மணிக்குச் சந்தைக்குக் கிளம்புவாங்க, அதச் சொன்னா நல்லா இருக்குமே' என்கிற மாதிரி. கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த ஒரு பத்தியை மட்டும் மறுபடி எழுதி அனுப்பு என்பேன். குரலில் இன்னொரு பலன் கிடைத்தது, அது நான் எதிர்பார்க்காதது. எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் நிறைய. தெலுங்கில் ழகரம் கிடையாது, ர, ற வேறுபாடும் இன்றைய பேச்சில் இல்லை. அந்தப் பிள்ளைகள் ழகரத்தில் தடுமாறுவதை இத்தனை வருஷம் கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறேன். குரலில் நான் 'மழை' என்று ஒரு தடவை அழுத்திச் சொல்லி அனுப்பினால் நான்கு தடவை போட்டுக் கேட்டேன் என்று ஒருத்தி சொன்னாள். வகுப்பில் நான்கு தடவை கேட்க அவளுக்கு வெட்கம். ஒரு எச்சரிக்கை, அந்தக் குரலை வீட்டில் ஸ்பீக்கரில்தான் போடுவார்கள், எல்லோரும் கேட்பார்கள். அதனால் அம்மா அப்பா கேட்டால் பரவாயில்லை என்கிற விதமாகவே பேசுங்கள். அந்தப் பையனுடைய அப்பா இப்போது நான் அனுப்புகிற குரலைக் கேட்டுவிட்டுத்தான் போனை மகனிடம் கொடுக்கிறாராம்.

கூடத் தெரிந்துகொண்ட சிலதையும் சொல்லிவிடுகிறேன். நாம் பேசப் பேசப் போனே எழுத்தாக்கித் தரும் வசதியில் குறிப்பு அனுப்பினால், அனுப்பும் முன் ஒரு தடவை படியுங்கள், ஆற்றங்கரை என்று நான் சொன்னது ஆற்றங்கறை என்று போய்விட்டது, றகரம் சொல்லித்தருகிற குறிப்பிலேயே. பள்ளியின் கணினி ஆய்வகத்தில் ஒரு கட்டுரையைக் கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்ய வைத்தேன். அதில் திருத்தத்தைப் பரிந்துரையாகப் போட்டால் பிள்ளைகள் படிக்காமலே எல்லாவற்றுக்கும் சரிக்குறியை அழுத்திவிடுகிறார்கள், இரண்டு நிமிஷத்தில் கட்டுரை பிழையில்லாமல் ஆகிவிடும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. கருத்தாகக் கேள்வி எழுதினால் அவர்களே மாற்றியாக வேண்டும். முந்தைய பதிப்புகளைத் திறந்து பார்த்தால் யார் எதை மாற்றினார்கள் என்பதும் தெரியும். நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு வாரம் ஒரு பிரிவு, அடுத்த வாரம் அடுத்த பிரிவு என்று பிரித்துக்கொண்டேன். ஒரு கட்டுரைக்கு நான்கு நிமிஷம், 42 பேருக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடிகிறது. திருத்தி எழுதி அனுப்பியவர்கள் முதல் தடவை 42 பேரில் 15 பேர்தான். அனுப்பாதவர்களுக்கு அடுத்த குறிப்பு கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன், அது சரிப்படவில்லை, பயந்து யார் யாரிடமோ எழுதி வாங்கி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை தமிழ்ப் பிரிவேளையில் இருபது நிமிஷம் ஒதுக்கி அங்கேயே திருத்தி எழுத வைத்த பிறகுதான் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. வீட்டில் நேரமில்லாத பிள்ளைகளிடம் வீட்டில் செய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஆடு ஓட்டுகிறவனும் உண்டு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறவளும் உண்டு.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது அந்தப் பையனிடம் சந்தைக் கட்டுரையை மறுபடி எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். எந்தக் கட்டுரை என்றான். நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டிருந்தான். என் போனில் மூலப்படம் இல்லை, ஜூலையில் அழித்ததில் போயிருந்தது. மிச்சம் இருந்தது நான் சிவப்பில் எழுதிச் சேமித்த படம் ஒன்றுதான், மேலே எழுதியதும் கீழே இருந்ததும் ஒன்றாகிவிட்டதால் சிவப்பை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. சுழித்த வட்டங்களுக்கு அடியில் இருந்த எழுத்துகளை உற்று உற்றுப் பார்த்து, அந்தப் பத்தியை ஒரு வெள்ளைத் தாளில் என் கையால் எழுதினேன். அவன் எழுதியபடியே எழுதினேன், கையில, குடுத்தாக்கூட, வேணாம், புலி, எதையும் மாற்றவில்லை. மதிய இடைவேளையில் கூப்பிட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான். "இத நானா மிஸ் எழுதுனேன்?" என்றான். ஆமாம் என்றேன். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, என் மேசை ஓரத்தில் தாளை வைத்து, புலியில் இருந்த லகரத்தை அடித்துவிட்டு மேலே ளி என்று எழுதினான். மற்றதை அப்படியே விட்டுவிட்டுத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.